பெரகல மலைச்சரிவில் குதிகால் ஒத்தடம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை மார்க்கமாகக் கிழக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை ஹல்துமுல்லையைக் கடந்து, ஒரு புறம் செங்குத்தான மலையும் மறுபுறம் கிடுகிடு பள்ளமுமாக வளைந்து வளைந்து சென்று ஒரு முச்சந்தியை அடைகிறது. அங்கிருந்து இடப்புறம் ஏறும் பாதை ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல என்னும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு பதுளைக்குச் செல்கிறது. நேரே இறங்கும் பாதை கொஸ்லாந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் கடந்து வெல்லவாயச் சமவெளியில் போய்ச் சேர்கிறது. பெரகல என்பது இந்த முச்சந்தியே. மேலே ஏறுகிறவனை ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் ஹப்புத்தளையின் மூடுபனியும் ஊதற்காற்றும் எதிர்கொள்ளும்; கீழே இறங்குகிறவன் சிறிது நேரத்துக்குள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டிய வெப்பத்துக்குள் வந்துவிடுவான். உஷ்ணமும் சீதளமும் இவ்வளவு அருகருகே குடியிருக்கும் இடங்கள் இலங்கையில் அதிகம் இல்லை.

இச்சரிவுகளில் 19ஆம் நூற்றாண்டு முதல் வாழ்ந்துவரும் தமிழ்த் தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்டவை பல. அவர்கள் வந்த வழி, வாங்கிய கூலி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இழந்த பிரஜாவுரிமை, 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்கள் ஆகிய இவையெல்லாம் சரித்திர ஆசிரியர்களின் கவனத்துக்கு வந்துள்ளன. ஆனால் அந்த உழைப்பை நாள்தோறும் தாங்கிய சரீரத்தின் கதை, அதிலும் சரீரம் முழுவதையும் தாங்கிய பாதத்தின் கதை, அடுப்படியிலும் இஸ்தோப்பிலும் பேசப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது. உயிரைக் கொல்லாத வியாதிக்குச் சரித்திரத்தில் இடம் கிடைப்பது அரிது. குதிகால் வலி அத்தகைய வியாதி. அதைத் தணிக்க இம்மக்கள் சூட்டையும் குளிர்ச்சியையும் எவ்வாறு கையாண்டார்கள் என்பதையும், அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அதன் பயன் எவ்வளவு என்பதையும் இங்கே சற்று நிதானமாக ஆராய்வோம்.

வலியின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குதிகால் எலும்பின் அடிப்பாகத்தில் தொடங்கி, உள்ளங்காலின் நீளம் முழுவதும் ஓடி, கால்விரல்களின் அடியில் விரிந்து முடியும் தடித்த நார்ப்பட்டை ஒன்று மனிதப் பாதத்தில் உண்டு. உள்ளங்காலின் வளைவு சரிந்துவிடாமல் காப்பது அதன் முக்கியமான தொழில். நெடுநேரம் நிற்பதாலும், பாரம் சுமப்பதாலும், கெண்டைக்கால் தசை இறுகிப்போவதாலும் அந்தப் பட்டை குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்து வலி எடுக்கிறது. இரவெல்லாம் படுத்து எழுந்து காலையில் முதல் அடி வைக்கும்போது ஆணி குத்தியதுபோல் குத்துவதும், பத்துப் பதினைந்து அடி நடந்தபின் சற்றே தணிவதும், மாலையில் உழைப்பு முடிந்து உட்கார்ந்து எழும்போது மறுபடியும் குத்துவதும் இதன் அடையாளங்கள். நாற்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் இது மிகுதியாக வருகிறது. பெரும்பாலோர்க்கு ஓராண்டளவில் தானாகவே தணிந்துவிடும் என்பது வைத்தியர்களின் அனுபவம். ஆயினும் அந்த ஓராண்டைக் காலூன்றி உழைத்துக் கழிக்க வேண்டியவர்களுக்கு அது சிறிய காலம் அன்று.

இம்மலைநாட்டுத் தமிழரின் சரித்திரமே பாதத்தால் தொடங்கிய சரித்திரம். காப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் கடற்கரைவரை நடந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மதவாச்சி, தம்புள்ளை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மாத்திரம் ஏறத்தாழ 150 மைல். ஊவா மாகாணத்துத் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு மாத்தளை பிரயாணத்தின் முடிவு அன்று; அதற்கப்பால் கண்டிச் சீமையின் மலைகளையும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. கொள்ளை நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்து வந்து சேர்ந்தவர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்த முதல் காயம் பாதத்தில்தான் இருந்திருக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் போக்குவரத்து ஏற்பட்டதும், மலைநாட்டு ரயில் பாதை 1893இல் ஹப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்ததும் அந்த நெடுநடையைக் குறைத்தன. தோட்டத்துக்குள் நடக்கும் நடையை எந்த ரயிலும் குறைக்கவில்லை.

காப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869இல் இலங்கையில் காணப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டுக் காட்டியிருந்தார். 1890ஆம் ஆண்டில் தாமஸ் லிப்டன் இந்த ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத்தில் தம்பேதன்னை, லேமஸ்தோட்டை, மொனராகந்தை முதலிய தோட்டங்களை வாங்கியதோடு ஊவாத் தேயிலையின் பெயர் உலகச் சந்தையில் பரவியது. காப்பி, பருவத்துக்குப் பழம் பறிக்கும் பயிர். தேயிலையோ வருஷம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டிய பயிர். ஆகவே காப்பிக் காலத்தில் வந்து திரும்பிய கூட்டம், தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு லயம் எனப்படும் வரிசை வீடுகளில் தங்கிவிட்டது. கொழுந்தெடுக்கும் வேலை பெண்களுடையதாயிற்று. அதனோடு குதிகால் வலியும் பெரும்பாலும் அவர்களுடையதாயிற்று.

அந்த வேலையின் கிரமத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். விடியுமுன் எழுந்து, பீலி என்னும் நீர்க்குழாயில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பரா என்னும் காப்பகத்தில் விட்டு, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் கங்காணி காட்டிய மலைக்கு ஏற வேண்டும். இடுப்பில் படங்குச் சாக்கு. தலையில் மாட்டிய கயிற்றிலிருந்து முதுகிலே தொங்கும் கூடை. நிரை பிடித்து நிற்பவளின் ஒரு கால் மேட்டிலும் மற்றொரு கால் பள்ளத்திலுமாக இருக்கும். காலடியில் கல், வேர், வழுக்கும் செம்மண். மழைக்காலத்தில் இவற்றோடு அட்டை. கூடை நிறைய நிறையப் பாரம் ஏறிக்கொண்டே போகும். அதைச் சுமந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கி, நிறுவை முடிந்ததும் மறுபடியும் ஏற வேண்டும். மலையேறும்போது விரல்கள் மடங்கி, குதிகால் தாழ்ந்து, கெண்டைக்காலும் உள்ளங்காற் பட்டையும் ஒருங்கே இழுபடுகின்றன. விரல்கள் மேல்நோக்கி வளையும்போது அந்தப் பட்டை இறுகி உள்ளங்காலின் வளைவை உயர்த்துகிறது என்பதை 1954இல் ஹிக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் விளக்கினார். அந்த இறுக்கத்தை ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை இப்பெண்களின் பாதம் அனுபவித்தது என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வலிக்கு முதல் மருந்து ஓய்வு. தோட்டத்தில் கிடைக்காத மருந்தும் அதுவே. வேலைக்குப் போனால்தான் ‘பேர்’ விழும், பாதி நாளோடு திரும்பினால் அரைப்பேர், போகாதிருந்தால் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கில் குதிகால் வலிக்கு இடமே இல்லை. காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்த்தால் தெரியும் சூடு உண்டு. வெட்டுக் காயத்துக்கு இரத்தம் உண்டு. குதிகால் வலிக்கோ வெளியே காட்டத்தக்க அடையாளம் ஒன்றும் கிடையாது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதைப் பார்த்து நம்பினால் உண்டு. இந்த நிலைமையில்தான் ஓய்வு செய்ய வேண்டிய வேலையைச் சூடு ஏற்றுக்கொண்டது. ஒத்தடத்தின் சரித்திரத்தை இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டுச் சொல்ல முடியாது.

அந்த வைத்தியம் தோட்டத்தில் பிறந்ததன்று. கடல் கடந்து வந்தவர்களோடு வந்தது. பாதத்தை மேடு பள்ளமாக ஊன்றுவதால் வாயு அங்கே தங்கி வலியை உண்டாக்கும் என்று சுசுருத சம்ஹிதை கூறி, அதற்கு வாதகண்டகம் என்று பெயரிடுகிறது. மலைச்சரிவில் நிற்பவளின் நிலையைக் கண்டு சொன்னதுபோல் அந்த இலக்கணம் அமைந்திருக்கிறது. வியர்வை உண்டாக்கும் சிகிச்சையை அந்நூல் தாபம், ஊஷ்மம், உபநாகம், திரவம் என நான்காகப் பகுக்கிறது: காய்ச்சிய பொருளால் ஒற்றுதல், ஆவி பிடித்தல், சூடான பற்றைக் கட்டுதல், வெந்நீரும் கஷாயமும் விடுதல் என்று ஒருவாறு சொல்லலாம். சரக சம்ஹிதை நெருப்பின் துணையோடு செய்யும் முறைகள் பதின்மூன்று என்று விரிக்கிறது. காய்ச்சிய பாறையின்மேல் கிடத்துவதும் அவற்றுள் ஒன்று. எந்த முறையானாலும் முன்னதாக எண்ணெய் பூச வேண்டும் என்பது பொது விதி. சித்த வைத்தியர்கள் புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்த வரிசையிலும் கட்டு, பற்று, வேது, பொட்டணம், தொக்கணம் என்பவற்றோடு ஒற்றடம் இடம்பெறுகிறது. நூலறிவு இல்லாத கிழவியும் இவற்றைச் செய்தாள். நூல் சொன்னதையே அவள் செய்தாளா, அவள் செய்ததையே நூல் எழுதியதா என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று.

லயத்துக் காம்பராவில் அது நடந்த விதத்தை அருகிலிருந்து பார்ப்போம். மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பி, பீலிக்கரையில் கால் கழுவி, சமையல் முடிந்தபின், அடுப்பில் மிலாறு எரிந்து கனலாய்ப் பூத்திருக்கும். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டும்போது கழிக்கப்படும் தேயிலைக் கிளை. நன்றாக உலர்ந்துவிட்டால் நின்று எரியும். அந்தக் கனலுக்குள் அரைச் செங்கல் ஒன்றைத் தள்ளி வைப்பார்கள். செங்கல் கிடைக்காத இடத்தில் வழவழப்பான கூழாங்கல்லும் உதவும். காய்ந்த கல்லை இடுக்கியால் எடுத்துச் சாம்பலைத் தட்டி, பழுத்த இலையை அதன்மேல் விரித்து, பழந்துணியையோ கோணிச் சாக்கையோ மடித்துப் போட்டு, விளக்கெண்ணெய் தடவிய குதிகாலை முதலில் தொட்டும் தொடாமலும், பிறகு சூடு தணியத் தணிய நன்றாக அழுத்தியும் வைக்கச் செய்வார்கள்.

“சூடு தாங்குதா புள்ள?”

“தாங்குது அம்மாயி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

பாட்டி அந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டாள். மற்றக் காலை மடியில் வைத்து, கெண்டைக்காலிலிருந்து குதிகால்வரை உருவி, விரல்களை மெல்ல மேல்நோக்கி மடக்கிச் சொடுக்கெடுத்து விடுவாள். கல் ஆறும்வரை எழுந்து நடக்கக் கூடாது என்பது கட்டளை. ஒத்தடம் முடிந்த காலைத் தண்ணீரில் வைக்கக் கூடாது என்பது இன்னொரு கட்டளை. பகல் முழுவதும் எவருடைய உத்தரவுக்கோ நின்ற கால், மூத்தவளின் உத்தரவால் அந்த அரைமணி நேரம் நீட்டிக்கிடந்தது. வீட்டில் எவரும் அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது; அது வைத்தியம்.

கல்லுக்கு அடுத்தபடி உப்பு. கல்லுப்பை வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, துணியில் முடிந்து, குதிகாலிலும் அதன் ஓரங்களிலும் ஒற்றுவார்கள். உப்பு சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும்; முடிச்சு குதிகாலின் வளைவுக்குத் தகுந்தபடி வளைந்து கொடுக்கும். தவிடு, மணல் என்பனவும் இவ்வாறே பயன்பட்டன. இந்த உப்புக்கும் இந்தச் சரிவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தோட்டங்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அம்பாந்தோட்டைக் கரையில் விளைந்த உப்பு, தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளில் ஏற்றப்பட்டு ஊவா மலைகளுக்கு வந்தது. கண்டி இராச்சியத்துக்குக் கடற்கரையோடு இருந்த முக்கியமான உறவு உப்பும் கருவாடும்தான். பிரிட்டிஷார் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாயிற்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லியோனார்ட் வுல்ஃப் உப்புச் சேகரிப்பை நேரில் மேற்பார்த்தவர். வரி சுமந்து மலையேறிய அந்த உப்பு, கஞ்சியில் விழுந்தது போக மிஞ்சிய பிடியில், ஏழையின் குதிகாலுக்கு மருந்தாயிற்று.

இலைகளின் கதை வேறு. தமிழகத்துக் கிராமங்களில் குதிகால் வலிக்கென்றே பெயர்பெற்றது பழுத்த எருக்கிலை. சூடான செங்கல்லின்மேல் எருக்கிலையைப் பரப்பி அதன்மேல் குதிகாலை வைப்பது இன்றும் அங்கே கைவிடப்படாத வைத்தியம். ஆனால் எருக்கு வெயிலையும் வறண்ட நிலத்தையும் விரும்பும் செடி. ஹப்புத்தளையின் குளிருக்கும் ஈரத்துக்கும் உகந்ததன்று. வெல்லவாயப் பக்கத்துக் காய்ந்த பூமியில் அது தாராளமாக முளைக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த வைத்தியம் புது மண்ணின் குளிரில் தன் இலையை இழந்தது. எருக்கு இல்லாத இடத்தில் ஆமணக்கிலையும் நொச்சியிலையும் கைக்கு எட்டிய பிற இலைகளும் அதன் இடத்தைப் பிடித்தன. பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் நாட்டு வைத்தியர்களான வெதமாத்தயாக்களும் தைலம் காய்ச்சுவதிலும், முறிவு சுளுக்குகளுக்குக் கட்டுப் போடுவதிலும் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். கொழும்பு பொரளையில் 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்டன. தமிழ் வைத்தியமும் சிங்கள வைத்தியமும் நெருங்கிய உறவினர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி, தோட்டத்து அதிகார வைத்தியம் பாதத்தை எவ்விதம் பார்த்தது என்று கேட்க வேண்டும். காப்பித் தோட்டத் தொழிலாளரின் மரணம் பெருகியதைக் கண்டு 1872இல் அரசாங்கம் வைத்தியத் தேவைகள் சட்டத்தை இயற்றியது. தோட்டப் பகுதிகள் வைத்தியப் பிரிவுகளாயின. ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் ஏற்பட்டன. 1912இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டதோடு, தொழிலாளரிடையே பரவும் நோய்களுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. 1916இல் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை இலங்கைத் தோட்டங்களில் தொடங்கினார்கள். அந்தப் புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் நுழைந்து இரத்தத்தைக் குடிப்பது. அதை ஒழிக்கக் கக்கூசுகள் கட்டவும் மருந்து கொடுக்கவும் எடுக்கப்பட்ட முயற்சி பலருடைய உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால், அந்தக் காலத்து வைத்திய அதிகாரிகளின் கண்ணுக்கு உள்ளங்கால் ஒரு புழுவின் வாசலாகவே தோன்றிற்று. நாளெல்லாம் பாரம் தாங்கி நோகும் அவயவமாகத் தோன்றவில்லை. கொல்லும் நோயும் பரவும் நோயும் தொழிலாளர் தொகையைக் குறைத்தன. ஆகையால் அவற்றுக்குச் சட்டம் வந்தது. குதிகால் வலியோடு பெண் மலைக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தாள், கொழுந்து குறையவில்லை, ஆகையால் அதற்கு டிஸ்பென்சரியில் தேய்ப்புத் தைலத்துக்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

சூட்டைப் பற்றியே இதுவரை பேசினோம். குளிர்ச்சியின் இடம் என்ன? தோட்டத்து ஜனங்களுக்குக் குளிர்ச்சி மருந்தாகத் தோன்றாததில் வியப்பில்லை. விடியற்காலை மூடுபனி, பீலித் தண்ணீர், நனைந்த படங்கு, சிமெந்தும் சாணமுமான காம்பராவின் தரை, ஐப்பசி கார்த்திகையில் நாட்கணக்கில் விடாத மழை ஆகியவற்றுக்கு நடுவே வாழ்கிறவர்கள், வலி உள்ள காலை மறுபடியும் குளிர்ந்த நீரில் வைப்பார்களா? வாயு குளிரில் ஏறும், சூட்டில் இறங்கும் என்ற சித்தாந்தமும் அவர்களுடைய அனுபவமும் ஒன்றுக்கொன்று துணையாயின. பனிக்கட்டியோ அவர்கள் வாழ்வில் இல்லாத பொருள். அமெரிக்காவின் பாஸ்டன் துறையிலிருந்து 1833இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி கப்பலேறி வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென ஒரு மாளிகையே எழுந்தது. அந்தப் பனிக்கட்டி வெள்ளைக்காரரின் பானத்தையும் சீமான்களின் காய்ச்சலையும் குளிர்வித்தது; கூலியின் குதிகால்வரை வரவில்லை. லயங்களுக்கு மின்சாரமே மிகவும் பிந்தி வந்த தோட்டங்களில், பனிக்கட்டி ஒத்தடம் என்பது அண்மைக் காலத்து விஷயம். இடைக்காலத்தில் கோடாலித் தைலம், சித்தாலேப என்னும் தேய்ப்பு மருந்துகள் வந்து அந்த இடத்தை நிரப்பின. தோலில் முதலில் குளிர்ச்சியும் பிறகு காந்தலும் தரும் அவற்றை, சூடா குளிரா என்று எவரும் ஆராயாமல், அடுப்பு மூட்ட நேரமில்லாத அன்று தேய்த்துக்கொண்டார்கள்.

மேல்நாட்டு வைத்தியத்திலும் குளிர்ச்சிக்கு நிலையான செல்வாக்கு இருக்கவில்லை என்பதை அறிந்துகொள்வது நன்று. அடிபட்ட அங்கத்துக்கு ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978இல் பிரசித்தப்படுத்தியவர் அமெரிக்க வைத்தியர் கேப் மிர்க்கின். பனிக்கட்டி குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டவரும் அவரே. உள்ளங்காற் பட்டையின் நோவு வீக்க அழற்சியால் உண்டாவது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வீக்கம் என்றால் குளிர்ச்சி என்பது அதைத் தொடர்ந்த முடிவு. லெமாண்ட் என்பவரும் துணைவர்களும் அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 பேருடைய திசுக்களைப் பரிசோதித்து, அங்கே அழற்சி இல்லை, நார் நைந்து சிதைந்த நிலையே இருக்கிறது என்று 2003இல் எழுதினார்கள். அந்தப் பழைய நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது. அதே ஆண்டில் வேறு சில அமெரிக்க வைத்தியர்கள், படுக்கையை விட்டு எழுமுன் கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும் பயிற்சி இவ்வலியை நன்கு குறைப்பதாக வெளியிட்டார்கள். லயத்துக் கிழவி மடியில் காலை வைத்து விரல்களை மடக்கி விட்ட செயலை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் செய்தி புதிதாய்த் தோன்றாது.

ஆகவே சூடு நல்லதா, குளிர்ச்சி நல்லதா என்ற வழக்குக்கு இன்று சொல்லத்தக்க தீர்ப்பு இது. சூடு இறுகிய தசையையும் நாரையும் இளக்குகிறது. இரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது. ஆகையால் விடியற்காலையில் முதல் அடி வைக்குமுன்னும், காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு முன்னும் அது பெரிதும் உதவும். குளிர்ச்சி நரம்பின் உணர்ச்சியைச் சற்று மரக்கச் செய்து வலியை அடக்குகிறது. ஆகையால் வேலை முடிந்து கால் காந்தும் மாலையில், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து முதல் பதினைந்து நிமிஷம் வைப்பதால் சுகம் உண்டு. இரண்டும் தணிவு தருவன. இரண்டும் நோயின் வேரைத் தொடுவன அல்ல. வேர் பாரத்திலும் நிற்றலிலும் இறுகிய கெண்டைக்காலிலும் இருக்கிறது. ஒருவருக்குச் சூடும் மற்றொருவருக்குக் குளிர்ச்சியும் ஒத்துக்கொள்ளுமானால், அவரவர் அனுபவத்தைப் பின்பற்றுவதில் பிழையில்லை.

ஓர் எச்சரிக்கையை மாத்திரம் அழுத்திச் சொல்ல வேண்டும். நீரிழிவு நோய் பாதத்தின் உணர்ச்சியைச் சிறுகச் சிறுகக் கொன்றுவிடும். அத்தகைய பாதத்துக்குச் செங்கல்லின் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளமாகி, ஆறாத புண்ணாகி, காலையே இழக்க நேர்ந்தாலும் நேரும். பனிக்கட்டியும் அவ்வாறே தீங்கு செய்யும். வியர்வைச் சிகிச்சைக்குத் தகாதவர்களின் வரிசையில் மதுமேகம் உடையவரைச் சரக சம்ஹிதை தெளிவாகச் சேர்த்திருக்கிறது. அந்த விலக்கை நம் பாட்டிமார் அறிந்திருக்க நியாயமில்லை. ஏனெனில் அவர்கள் காலத்து லயங்களில் சர்க்கரை வியாதி இன்றுபோல் கண்டறியப்படவில்லை. இன்று ஒத்தடம் போடுகிறவர்கள் முதலில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்வதும், கல்லைக் காலில் வைக்குமுன் உணர்ச்சியுள்ள கையால் தொட்டுப் பார்ப்பதும் அவசியம்.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. காலில் செருப்பு வந்துவிட்டது. மழைக்குப் பூட்ஸும் வந்துவிட்டது. ஆயினும் பெரகலவுக்கு மேலும் கீழும் உள்ள மலைகளின் சரிவு மாறவில்லை. ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கு மாறியதெல்லாம் கூடுவதற்கே அன்றிக் குறைவதற்கு அன்று. தட்டையான றப்பர்ச் செருப்பு முள்ளிலிருந்தும் புழுவிலிருந்தும் காக்கும். உள்ளங்காலின் வளைவைத் தாங்காது. முப்பது ஆண்டு கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒருத்தி காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைப்பதை இன்றும் எந்த லயத்திலும் காணலாம்.

அந்த வலியை வயதின் மேல் போட்டுவிட்டுப் போவது நியாயமன்று. அது தொழிலால் வந்த வலி. தொழில் நோய்களின் பட்டியலில் அதற்குரிய இடத்தைத் தோட்ட வைத்தியசாலைகள் அளிக்க வேண்டும். குதிகால் நோவோடு வருகிறவளுக்கு ஒரு சீசா தைலத்தைக் கொடுத்து அனுப்பாமல், கெண்டைக்கால் பயிற்சியைக் கற்பித்து, வளைவைத் தாங்கும் செருப்புக்கு வழி செய்து, சில வாரங்களுக்குச் செங்குத்தான மலையை விட்டுச் சமமான இடத்தில் வேலை கொடுக்கும்படி எழுதித் தரும் அதிகாரம் தோட்டத்து டாக்டருக்கு இருக்க வேண்டும். இவை பெரும் பொருட்செலவு கொண்டவை அல்ல. ஒத்தடம் அப்போதும் இருக்கட்டும். அதைக் கண்டு சிரிப்பவர்கள் அதன் சரித்திரத்தை அறியாதவர்கள். ஒன்றரை நூற்றாண்டாக ஓய்வு மறுக்கப்பட்ட பாதங்களுக்கு, கையிலிருந்த கல்லையும் உப்பையும் இலையையும் கொண்டு ஒரு சமூகம் தானே செய்துகொண்ட தர்மம் அது. சூடு தன்னால் இயன்றதைச் செய்துவிட்டது. ஓய்வு செய்ய வேண்டியதைத் தோட்டங்கள்தாம் இன்னும் செய்யவில்லை.